நாலு நடை

பக்கத்துப் பண்ணை டுவைட் அந்தப் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துத் துரு பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரமாக.

எல்டன் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். எழுபது வயசு. மாடுகளைப் போன வருஷமே விற்றாகிவிட்டது. வண்டி சும்மா நிற்கிறதே என்று, விற்பனைக்கு இருப்பதாகத் தீவனக் கடைச் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தார்.

"அடிச்சட்டத்துல துரு ஏறியிருக்கே," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பைக் கொட்டுறாங்க, ஏறாம என்ன செய்யும்? மேல் துருதான். தட்டிப் பாரு."

டுவைட் தட்டிப் பார்த்தான். வெளியே வந்து கியர் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தான்.

"லேசா கருகின வாசனை வருதுங்க."

"போன மாசம்தான் மாத்தினேன். உனக்கு அப்படித் தோணுதா?"

"டிரெய்லருக்குத் தனி பிரேக் பிடிக்குதா?"

"பிடிக்கும். பன்னெண்டு பசுவோட இழுத்திருக்கேன். இறக்கத்துல ஒரு தடவைகூடத் தள்ளினதில்ல."

சமையலறை ஜன்னலில் நின்ற எல்டனின் மனைவி ஆர்லிஸுக்கு எரிச்சலாக வந்தது. நெப்ராஸ்காவில் அந்தப் பக்கம் ரெண்டு வருஷமாக மழை இல்லை. டுவைட்டின் சொந்த வண்டி எஞ்சின் போய் ஒரு மாசமாக ஷெட்டில் கிடக்கிறது. இதில் இத்தனை நொட்டை.

"என் டிரெய்லரை மாட்டி, மாடு ஏத்தி இழுத்துப் பார்க்கலாமா?" என்று டுவைட் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"தாராளமா. சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாரு. ஒரு தடவை இழுத்தா ஒண்ணும் தெரியாது."

தான் வந்த சின்னக் காரை அங்கேயே விட்டுவிட்டு, டுவைட் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்போது காலை மணி ஏழு.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆர்லிஸின் தங்கை போன் செய்தாள். மாட்டுச் சந்தைக் கேன்டீனில் வேலை பார்ப்பவள்.

"உங்க வண்டியை டுவைட்டுக்கு வித்துட்டீங்களா என்ன?"

"இல்லையே. ஓட்டிப் பார்க்கக் கொண்டு போயிருக்கான்."

"நல்லா ஓட்டிப் பார்த்தான். நாலு நடை வந்துட்டான். தன்னோட நாப்பத்தேழு மாட்டையும் இறக்கிட்டான். கன்னு போடற பசுவைக்கூட விடல. எல்லாம் கசாப்புக்காரன் விலைக்குத்தான் போச்சு."

ஆர்லிஸ் போனை வைத்துவிட்டு எல்டனிடம் வந்து சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அஞ்சு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. டுவைட் இறங்கினான். சட்டையெல்லாம் சாணி. சாவியை உடனே நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"இழுவை நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே எனக்கு…"

நிறுத்தினான். சாவியை நீட்டினான்.

"ஆனா ஏத்தத்துல திணறுது. எனக்குச் சரிப்படாதுங்க."

"ஆமாமா. ஏத்தத்துல கொஞ்சம் திணறும்," என்றார் எல்டன். "முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

வாசலுக்கு வந்த ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். எல்டன் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

டுவைட் காரில் ஏறினான். ஏறியும் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். வீட்டில் போய்ச் செய்வதற்கு அவனுக்கு இனி ஒரு வேலையும் இல்லை. தண்ணீர் காட்ட வேண்டாம், வைக்கோல் போட வேண்டாம். ரொம்ப நேரம் கழித்துத்தான் கார் நகர்ந்தது.

அது ரோட்டைத் தொட்டதும் ஆர்லிஸ் பிடித்துக்கொண்டாள்.

"ஓசியில நாலு நடை அடிச்சுட்டு, திணறுதுன்னு வேற சொல்லிட்டுப் போறான். நீயும் தப்பு என்னோடதுங்கறே. வண்டி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாம இல்லேன்னா சொல்லியிருப்போம்?"

"கேட்டா எதுக்குன்னு சொல்லணும்ல."

"சொன்னா என்ன?"

"அது வாயில வராது ஆர்லிஸ். போன வருஷம் எனக்கே வரல. நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்பதானே நம்ம மாட்டை ஏத்திட்டுப் போனேன். நீ திரும்பி வந்து காலித் தொழுவத்தைப் பார்த்துத்தானே தெரிஞ்சுக்கிட்டே."

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ரெண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"நம்ம நிலைமையையும் யோசிக்கணும். வண்டியை வாங்கறேன்னு நிஜமாவே ஒருத்தன் இன்னிக்கு வந்திருந்தா? அவன்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பே?"

எல்டன் வாளியில் தண்ணீர் பிடித்து, சக்கரங்களில் அப்பியிருந்த சாணியைக் கழுவ ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமையே போன்ல பேசி வித்தாச்சு. வாங்கினவங்க இன்னிக்குக் காலையில எடுத்துட்டுப் போறதா இருந்தாங்க. வண்டியைப் பார்க்க வரட்டுமான்னு நேத்து டுவைட் கேட்டான். அவங்களை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."