பழுதுக்கான காரணம்

சர்வீஸ் சென்டர் மேசைமேல் வைக்கப்பட்ட போனை அவள் உடனே தொடவில்லை.

பின்மூடி ஒரு பக்கமாக எழும்பி நின்றது. இடுக்கில் நகம் நுழையும். உள்ளே பேட்டரி உப்பியிருந்தது.

இந்த வாரத்தில் மூன்றாவது. ஒரே மாடல்.

"சார்ஜே நிக்கலியேன்னு பாத்தேன். இப்ப இப்பிடி வீங்கிக்கிட்டு வருது" என்றாள் எதிரில் நின்ற பெண். டோக்கனில் பிலோமினா என்றிருந்தது. நண்டு பதப்படுத்தும் கம்பெனியின் நீலச் சட்டை போட்டிருந்தாள். "வாங்கி நாலு மாசந்தான் ஆவுது. டியூகூட இன்னும் முடியல. வித்த கடைல கேட்டா சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லுதாங்க."

மேசைக்குப் பின்னால் இருந்தவள் சிம் தட்டை மெல்ல உருவினாள். துவாரத்துக்குள் டார்ச் அடித்தாள்.

உள்ளே பொட்டு அளவில் ஒரு வெள்ளை ஒட்டு இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும்.

வெள்ளையாகவே இருந்தது.



கம்ப்யூட்டரில் படிவம் திறந்திருந்தது. பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் கோடு மினுக்மினுக்கென்று காத்திருந்தது.

அதில் என்ன எழுத வேண்டும் என்பதை மேனேஜர் ஜெயசீலன் திங்கட்கிழமை காலையிலேயே, கேபின் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டார். தண்ணீர் பட்டது. தண்ணீர் என்றால் வாரண்டி கிடையாது. வாரண்டி இல்லையென்றால் போன் கம்பெனிக்குச் செலவு ஒன்றும் இல்லை.

"வெளிய ஒரு வார்த்த போச்சுன்னா, யாரு வாயிலருந்து போச்சுன்னு எனக்குத் தெரியும்."

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உள்ளறையில் இதே மாடல் ஒன்று குக்கர் போலச் சீறியது. மெக்கானிக் இக்பால் அதை மணல் வாளிக்குள் போடுவதற்குள் அவன் உள்ளங்கைத் தோல் வழன்றுவிட்டது. அந்த வாசனை இன்னும் ஏசிக் காற்றில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். இக்பால் இன்னும் வேலைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை ஒரு பெரியவருக்குத் தண்ணீர் என்று எழுதினாள். புதன்கிழமை ஒரு காலேஜ் பெண்ணுக்கு.

அந்தப் பெண் சண்டை போட்டாள். பெரியவர் ஒன்றுமே கேட்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

இடது பக்கப் பை.

நேற்று அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

இப்போதும் விரல்கள் தாமாகவே தண்ணீர் என்றுதான் அடித்தன.

"என்ன எழுதுதீங்க?"

"தண்ணி பட்டிருக்குக்கா."

"தண்ணியா? நா அத வேலைக்கே கொண்டு போறதில்லியே. ராத்திரி ஷிப்டுக்குப் போவும்போது பிள்ளகிட்டக் குடுத்துட்டுப் போவேன். தலவாணிக்கடில வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா."

விரல் நின்றது.

"எத்தன வயசு?"

"ஏழு."

கேபின் கண்ணாடிக்குள் நாற்காலி திரும்புவது தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி. சரி பண்ணித் தர முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதி சீல் வச்சுக் குடுங்க. நா நுகர்வோர் கோர்ட்டுல கேட்டுக்கிடுதேன்" என்று பிலோமினா கையை நீட்டினாள். "அதுவரைக்கும் போனக் குடுங்க. இத வச்சே ஓட்டிக்கிடுதேன்."

அவள் கொடுக்காமல் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சூடாக இருந்தது.

வேலை நிரந்தரமாக இன்னும் பதினெட்டு நாள். தலைக்கு மேலே கேமரா.

அடித்ததை அழித்தாள்.

பேட்டரி உப்பியுள்ளது. தண்ணீர் படவில்லை. ஒட்டு வெள்ளையாக உள்ளது. இதே மாடலில் இந்த வாரம் வந்த மூன்றாவது போன்.

பிரிண்டர் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது போலிருந்தது. முதல் சீல் இரட்டையாக விழுந்தது. மறுபடி குத்தினாள்.

"போன் இங்கயே இருக்கட்டும்க்கா. வீட்டுக்குக் கொண்டு போவாதீங்க. ஒப்படச்சதுக்கு இந்தத் தாள்தான் அத்தாட்சி."

குனிந்து, இப்போது தன் காலடியிலேயே வைத்திருந்த மணல் வாளிக்குள் போனை வைத்தாள். கையால் மணலைத் தள்ளி மூடினாள்.

பிலோமினா எட்டி மணலைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.



"யம்மா, இதுல பேர் இல்லியே" என்றாள், மிகத் தணிந்து. "யாரு பாத்துச் சொன்னாங்கன்னு கேப்பாங்களே."

தாளின் அடியில் பரிசோதித்தவர் என்று ஒரு கோடு இருந்தது. அதை யாரும் நிரப்புவதில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். இனிஷியல் போட்டு, முழுப் பெயர். பக்கத்தில் பணியாளர் எண்.

கேபின் கதவு திறந்தது.

"கொஞ்சம் உள்ள வா" என்றார் ஜெயசீலன்.

எழுந்தாள்.

பிலோமினா தாளை நான்காக மடித்து நீலச் சட்டைக்குள் செருகினாள். வாசல் பக்கம் போகவில்லை. மேசை ஓரத்தில் வழியை மறித்திருந்த தூக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கஸ்டமர்லாம் இங்க வரக் கூடாதும்மா" என்றார் ஜெயசீலன்.

பிலோமினா நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளுக்கு முன்னால் கேபினுக்குள் நடந்தாள்.