அப்பா வரும் விளையாட்டு

கொக்குவில் ஸ்டேசனில் ரயில் கூவியதும் ஞானம் மண்சோற்றுச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படலையைப் பார்த்தாள்.

நான் சொல்லிக்கொடுத்தபடிதான். கூவினால் எழும்ப வேண்டும், கையைத் துடைக்க வேண்டும், முற்றத்துக்கு வர வேண்டும்.

ஞானத்துக்கு வயது மூன்றும் நான்கு மாதமும். தகப்பனைக் கண்டதில்லை. இவர் மலாயாவில், ஈப்போவில், ரயில்வே கந்தோரில் கிளாக்கர். நான்கு வருடத்துக்குப் பிறகு இரண்டு மாத லீவில் இன்றைக்குத்தான் வருகிறார்.

போன வருடம் அடுத்த வளவுக் கந்தப்புவும் இப்படித்தான் வந்தார். அவருடைய மகன் ஆளைக் கண்டதும் வீறிட்டு அழுதுகொண்டு தாயின் சேலைக்குள் புகுந்தவன், லீவு முடியும்வரை வெளியே வரவில்லை. பிள்ளையை ஒரு தரம்கூடத் தூக்காமல் மனிதர் திரும்பிக் கப்பலேறினார்.

அதைக் கேள்விப்பட்டாரோ என்னவோ, இவர் கடைசிக் கடிதத்தில் ஒரே வரியை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். பிள்ளை என்னைக் கண்டு பயப்படுமோ தெரியாது.

வாசித்ததும் எனக்கு அழுகை வந்தது. பிறகு ரோசம் வந்தது. என் பிள்ளையாவது, பயப்படுவதாவது.

அன்றைக்கே தொடங்கினேன். ஒரு சட்டியில் நாளுக்கு ஒன்றாய் எழுபத்திரண்டு புளியங்கொட்டை. காலையில் எழும்பியதும் ஒன்றை எடுத்து மற்றச் சட்டியில் போடுவது ஞானத்தின் வேலை. முதல் கிழமை வாயில் போட்டாள். இரண்டாம் கிழமை சட்டியில் போட்டாள். இன்று காலை போட்டது கடைசிக் கொட்டை.

மண்சோறு சமைத்தால் மூன்று சிரட்டை. ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு. மூன்றாவதைப் பூவரசம் இலைக் கறியோடு உள்ளே கொண்டுபோய் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைப்பாள். வீடெல்லாம் மண். கூட்டினேன், அதற்கென்ன.

பின்னேரங்களில் நானே அப்பா. மேலுதட்டில் கரி பூசி, ஓலைப் பெட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு படலையைத் தள்ளி வருவேன். முதல் நாள் அலறினாள். ஐந்தாம் நாள் அவளே அடுப்படியில் கரி எடுத்துவந்து தந்தாள்.

இவருடைய அக்கா பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவர். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“படத்தைக் காட்டித் தகப்பனைப் பழக்கேலுமே, மச்சாள்?”

“பொறுத்திருந்து பாருங்கோவன்,” என்றேன்.

அதைப் பார்க்கத்தான் இன்று விடிந்ததும் வந்து என் பின்னால் நின்றார்.

படலை திறந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர்.

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு கோட்டு, இரண்டு தொப்பி. முன்னால் வந்தவர் நல்ல வளர்த்தி, உப்பிய கன்னம், முறுக்கு மீசை, அசல் படமேதான். பின்னால் வந்தவர் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் மாதிரி மெலிந்து, மீசையும் இல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஞானம் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பாவம், இரண்டு பேர் வருகிற விளையாட்டை நாங்கள் விளையாடவேயில்லை. குறை என்னுடையது, திருத்த வேண்டியதும் நான்தான். தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய், தலையைக் குனிந்தபடி மீசைக்காரரிடம் நீட்டினேன். பிள்ளைக்கு வழி காட்ட இது போதும்.

ஞானம் அவரைத் தாண்டி ஓடினாள்.

மெலிந்தவர் பையைப் போட்டுவிட்டுப் படலையடியில் குந்தியிருந்தார். ஞானம் அவருக்கு நேரே நின்று விரலை நீட்டி அவர் மூக்கைத் தொட்டாள். மூக்கு எது, காது எது என்று அவள் படித்ததெல்லாம் அந்தப் படத்தில்தான்.

“வாங்கோ அப்பா.”

செம்பு என் கையில் அப்படியே இருந்தது.

“தங்கச்சி, நான் அடைக்கலநாதன்,” என்றார் மீசைக்காரர் மெல்ல. “உங்கடை இராசநாயகத்தோடை வேலை செய்யிறன்.”

என் பின்னால் நின்ற மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கலியாணம் முடிந்து பதினோராம் நாள் இவர் கப்பலேறினார். அந்தப் பதினொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். புதுப்பெண் நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நான் நிமிரவில்லை. முகம் என்று நான் கண்டது பிறகு தபாலில் வந்த படத்தைத்தான். ஞானத்துக்குப் படிப்பித்த நேரமெல்லாம் பக்கத்தில் இருந்து நானும் படித்தேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

“பிள்ளை பயப்பிடேல்லை,” என்றார் இவர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஞானத்தை இடுப்பில் வைத்தபடியே விறாந்தைப் படிக்கு வந்தார். ஒரு கையால் சப்பாத்துகளைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றினார்.

அந்தப் பதினொரு நாளும் போல நான் தலை குனிந்தபடிதான் நின்றேன். வலது காலில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். இடது காலில் சின்ன விரல் உள்ளே மடங்கியிருக்கிறது. ஆயிரம் கால்களுக்கு நடுவிலும் இந்த இரண்டையும் எடுத்துத் தருவேன்.

ஓம், இவர்தான். இந்த முறை தடுமாறாமல் செம்பை நீட்டினேன்.