சி வகைக்காரர்

கத்திக் கத்தியே நர்ஸ் அமலோற்பவத்துக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எதிரே முன்னாள் நகராட்சித் தலைவர் திருமேனிநாதன், கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதைக் கண்டவர் போல, தன் எச்.ஐ.வி. அறிக்கையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"சி வகையா? எனக்கா? அது கண்டவனுக்கும் வர்றதாச்சே! நான் மூணு தடவை ஜெர்மனி போய் வந்தவன்மா. வெள்ளைக்கார நாட்டுல வர்ற பி-யாத்தான் இருக்கும், நல்லாப் பாரு."

"ஐயா, பி வேற இடத்துல பெருகும். உங்களுக்குக் குடல்லதான் பெருகுது, இந்த ஸ்கேன் திரையில பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கு. இப்ப வகைக்கு ஒரு புது மாத்திரை வந்திருக்கு. கிருமி தொத்தின பத்து நாளுக்குள்ள போட்டா வேரோட போயிடும். உங்களுக்குத் தொத்தி இன்னிக்கு ஏழாவது நாள். விழுங்குங்க!"

மனைவி கோமளவல்லி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் அதை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"சி மாத்திரையை நான் தொடமாட்டேன். சிங்கப்பூர்ல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வர்றேன்."

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். சிங்கப்பூரும் சி என்றே சொல்லியிருந்தது. திரையில் இப்போது உடம்பு முழுக்கச் சிவப்பு.

"இனிமே வேரோட போகாதுங்கய்யா" என்றாள் அமலோற்பவம். "ஆயுசுக்கும் மாசாமாசம் இங்க வந்து மாத்திரை வாங்கிக்கணும்."

"அன்னிக்கே விழுங்கித் தொலைச்சிருந்தா உங்க கிரீடம் இறங்கியிருக்குமா?" என்று கோமளவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

திருமேனிநாதன் காதில் அது விழவில்லை. வெளியே மாத்திரைக்காக வாசல்வரை நீண்டிருந்த சி வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, பக்கத்துல பி வரிசை காலியாத்தானே கிடக்கு, நான் அதுல நின்னுக்கவா?"