ஓரம் நறுக்கிய படம்

"ஆறு மாசச் சம்பளத்துக்குப் பதிலா ஒரு பென்சில் படமா? நல்லா நாமம் போட்டுட்டான்டா வெள்ளைக்காரன்!"

ஷார்ஜா லேபர் கேம்ப் ரூமில் நான் அருள்ராஜிடம் அப்படிக் கத்தினேன்.

கம்பெனிகள் வரிசையாகப் படுத்த 2009 அது. எங்கள் வெள்ளைக்கார முதலாளியும் கடையை மூடிவிட்டு, கிளார்க் அருள்ராஜிடம் மட்டும், "என்னிடம் பணம் இல்லை. இதை விற்றுக்கொள்" என்று அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

முடியை விரித்துப்போட்ட ஒரு பெண். ஓரத்தில் அவள் கையை மட்டும் மூன்று தரம் வரைந்து பார்த்திருந்தது. சுற்றிலும் கிறுக்கல், பழுப்புக் கறை.

"விசா முடிஞ்சு ஃபைன் ஏறிக்கிட்டே இருக்கு, சோலைமுத்து. இது வித்தாத்தான் ஊருக்குப் போய் என் மகளைப் பாக்க முடியும்."

மகளுக்கு மூன்று வயது. போட்டோவில் பார்த்ததோடு சரி.

ஃபிரேம் போட்டால் நல்ல விலை போகும் என்று படத்தை எடுத்துப் போனோம். தொழில்பேட்டையில் ஃபிரேம் கடை வைத்திருந்த காயல்பட்டினம் சித்தீக் பாய், விஷயம் கேட்டு உருகிப்போனார்.

"ஒரு திர்ஹம் வேணாம் தம்பி. நான் பாத்துக்கிறேன்."

இரண்டே நாள். தங்கக் கலர் ஃபிரேமில் படம் ஜொலித்தது.

"ஓரம் பூரா அழுக்கு. நறுக்கி எறிஞ்சுட்டு, அட்டையில கெட்டியா ஒட்டிட்டேன். இப்ப என்ன லட்சணமா இருக்கு பாருங்க!"

துபாய் கேலரிக்கு எடுத்துப் போனோம். முதலாளி கூடவே கொடுத்திருந்த, நறுக்குவதற்கு முன் இதே படத்தை எடுத்த போட்டோவையும் ஃபிரேம் போட்ட படத்தையும் அங்கிருந்த அம்மாள் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகமே செத்துப்போயிற்று.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் 'ப்ரீ ராபலைட்' என்று ஒரு ஓவியர் கூட்டமாம். அதில் ஒருவர், பெரிய ஓவியத்துக்கு முன் போட்டுப் பார்த்த ஒத்திகையாம் இது. கையெழுத்து, குறிப்பு எல்லாம் அந்தக் கிறுக்கலில்தான் இருந்ததாம்.

"வெட்டாமல், ஒட்டாமல் இருந்திருந்தால் ஊரில் வீடே கட்டியிருக்கலாம். இனி இதை யாரும் வாங்கமாட்டார்கள்."

அடப்பாவமே! முதலாளி தன்னிடம் மிஞ்சிய ஒரே சொத்தையல்லவா கொடுத்திருக்கிறான். அந்த மனுஷனையா திட்டினேன்?

பஸ்ஸில் வரும்போது அருள்ராஜ் அழுதுகொண்டே வந்தான். எனக்குப் பாய்மேல் ஆத்திரம் பொங்கியது.

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்!"

படத்தை ரூமில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு பாய் கடைக்கு விறுவிறுவென்று நடந்தேன். அருள்ராஜ் பின்னாலேயே ஓடி வந்தான்.

எங்களைப் பார்த்ததும் பாய் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வித்துச்சா தம்பி? காலையிலேர்ந்து உங்களுக்காக துஆ கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அருள்ராஜ் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வித்துருச்சு பாய். நல்ல விலை. உங்க ஃபிரேமைப் பாத்துதான் எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வாரம் மகளைப் பாக்கப் போறேன்."