சர்டிபிகேட் வயசு

கிழக்குத் தாம்பரத்து பிரௌசிங் சென்டரில் ஜெரூஷா மெயிலைத் திறந்தபோது, பின்னால் நின்ற அவள் அப்பா வேதசிரோமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஜெபமெல்லாம் இல்லை. பயம்தான்.

ஆசிய நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்குச் சர்வதேசச் சட்டத்தில் ஒரு கட்டுரைப் பரிசு. சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஜெரூஷா, கடல் எல்லை தாண்டிப் பிடிபடும் மீனவர்களைப் பற்றி உயிரைக் கொடுத்து எழுதி அனுப்பியிருந்தாள். கடைசிச் சுற்றுக்கும் வந்துவிட்டாள்.

அப்புறம்தான் வயதுக்குச் சான்று கேட்டார்கள். 2007 ஜூலை முடியும்போது முப்பத்தைந்து நிரம்பியிருக்கக் கூடாதாம்.

அவள் பிறந்தது 1972 அக்டோபரில். ஆனால் பள்ளிச் சான்றிதழில் இருப்பதோ அதே வருஷம் ஜூன் ஒன்று. இரண்டே மாதத்தில் பரிசு கைநழுவப் பார்த்தது.

அந்தத் தேதியை எழுதியவர் சாட்சாத் வேதசிரோமணியேதான். அப்போது அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது. மகளோ பையை மாட்டிக்கொண்டு ஒரே அழுகை. அவருக்கு மனசு கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டதையே அவளுக்கும் போட்டார். இரும்புலியூரில் அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள்.

சான்று கேட்டு மெயில் வந்த அன்றே அவள் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் போட்டீங்க, சரி. பெத்த பொண்ணுக்குமாப்பா?"

"நீ அழுத அழுகைக்கு அன்னைக்கே ப்ளஸ் டூல சேர்த்திருப்பேன், போ."

ஜெரூஷா எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, அசல் பிறந்த தேதி இருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழைச் சர்ச்சில் வாங்கி அதையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதில். எழுதியவர், பரிசுக் குழுவின் செயலாளர், டாக்காவில் இருக்கும் ஒரு அம்மாள்.

வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்காகத் தமிழில் சொன்னாள்:

"கடைசிச் சுற்றுல ஒன்பது பேராம்ப்பா. அதுல ஆறு பேர் சர்டிபிகேட்படி ஜனவரி ஒண்ணாம் தேதி பொறந்தவங்களாம். இந்தம்மாவும் அன்னைக்குத்தானாம். சர்ச் சர்டிபிகேட்டே போதும்னு ஏத்துக்கிட்டாங்க!"

வேதசிரோமணி மூடியிருந்த கண்ணைத் திறந்தார். பிறகு, வாத்தியாருக்கு வாத்தியார் மட்டுமே தரக்கூடிய மரியாதையோடு கேட்டார்:

"அப்போ அங்கெல்லாம் ஜனவரியிலதான் பள்ளிக்கூடம் தொறக்கிறாங்களா?"