மாப்பிள்ளையின் ஈறு

பல்செட் செய்பவர் ஈறுக்கு நிறம் பார்க்கும் அட்டையை விரித்தார். பீச், பவழம், சால்மன் என்று ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பில் பல சாயல்கள்.

“இது எப்படி சார்?”

“சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட் மாதிரி இருக்குய்யா.”

“இது?”

“வெளுத்துப்போச்சே! ரத்தமே இல்லாதவன்னு நினைச்சுடுவா. அடுத்த வாரம் கல்யாணம். பல்லு பொய்யின்னு தெரிஞ்சா என் மானமே போயிடும்.”

மாப்பிள்ளைக்கு வயது அறுபத்தெட்டு, கண்ணுகளா. வெட்கத்துக்கு மட்டும் இருபது.

போனில் மணப்பெண்ணின் படத்தைக் காட்டினார்.

“இவ சிரிப்பைப் பாருங்க. கடவுள் குடுத்த பல்லு! இந்த ஈறு நிறம் அப்படியே வேணும்.”

பல்செட்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

“கவலைய விடுங்க சார். இவங்களுக்குச் செஞ்சப்போ கலந்ததே இன்னும் மிச்சம் இருக்கு.”