ஈசாயின் அம்மா

மடித்து வைத்த சட்டையை எடுத்து டெல்மிரா மறுபடியும் மடித்தாள்.

தலைநகரத்துப் பேருந்து அவர்கள் ஊரான லா செய்பாவுக்கு வரும் நேரம். பையனைக் கூட்டிப்போக அவனைப் பெற்றவள் அதில்தான் வருகிறாள்.

"இன்னும் ஒரு மாசம் பையன் இங்கயே இருக்கட்டும்னு கேட்டுப் பாரேன்," என்றான் அவள் கணவன் எவுசெபியோ. "அவளுக்கு இன்னும் வேலைகூடக் கிடைக்கலையே."

"கேட்டா சரின்னு சொல்லிருவா. அதான் கேக்கல."

பிள்ளை இல்லாத வீடு. சிறையில் நோயெமி என்பவளின் கைக்குழந்தை மூச்சிரைப்பில் தவிக்கிறது, யாராவது வளர்ப்பீர்களா என்று போதகர் சபையில் கேட்ட அன்று, ஜெபித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று எவுசெபியோ மனைவியின் காதில் முணுமுணுத்தான். அதற்குள் அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

அந்தக் குழந்தைதான் ஈசாய். இப்போது தெருநாய்களையெல்லாம் விரட்டுகிறான்.

சிறைக்கு அவனைக் கூட்டி வரவேண்டாம், அங்கே வைத்துத் தன்னை அவன் பார்க்கக்கூடாது என்று நோயெமி சொல்லியிருந்தாள்.

அவளைச் சீக்கிரம் விடுதலையாக்கும் ஆண்டவரே என்று வீட்டு ஜெபத்தில் தினமும் கேட்டவள் டெல்மிராதான். எவுசெபியோ சில நாளாக அதற்கு ஆமென் சொல்வதை நிறுத்தியிருந்தான்.

விடுதலையாகி நோயெமி வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள்.

"என்னை அவனுக்கு அடையாளம் தெரியாதேக்கா. பயந்து அழுவானே."

படியில் உட்கார்ந்து, மசித்த பீன்ஸ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த ஈசாய் நிமிர்ந்தான். ரொட்டி கைநழுவி விழுந்தது.

"அம்மா!"

ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

நோயெமி மண்ணிலேயே மண்டியிட்டாள். வெகுநேரம் கழித்து, அவன் தலைக்கு மேலாக டெல்மிராவைப் பார்த்தாள். "எப்படிக்கா?"

"பெத்தவளைப் பிள்ளைக்குத் தெரியாதா?"

ஈசாயின் துணிப் பையை எடுத்து வர டெல்மிரா உள்ளே போனாள்.

கட்டிலை ஒட்டிய சுவரில், ஈசாயின் உதடு எட்டும் உயரத்தில், நோயெமியின் புகைப்படம். தினமும் முத்தம் வாங்கி வாங்கி முகம் மங்கியிருந்தது.

அவன் முதன்முதலில் 'அம்மா' என்றது டெல்மிராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான்.

"நான் இல்லடா கண்ணு. அதோ பாரு," என்று அவன் முகத்தைப் படத்தின் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

ஒருமுறையாவது மறந்துபோய்த் தன்னை அப்படிக் கூப்பிட்டுவிட மாட்டானா என்று அதன்பின் எத்தனையோ நாள் காத்திருந்தாள்.

அவன் மறக்கவே இல்லை.